பிக்கப் வண்டியின் சின்ன வீடு

அந்தப் பெட்டி எங்கள் வாசலுக்கு வந்ததிலிருந்து எனக்கு எதுவுமே ஒரு தடவையில் புரிந்ததில்லை. அதற்கு முன்னால் நான் தெளிவான ஆள்தான். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி. செஞ்சியிலிருந்து நெல் மூட்டை, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை, தர்பூசணி, எது கொடுத்தாலும் ஏற்றிக்கொண்டு போவேன், இறக்கிவிட்டு வருவேன். ஏற்றுவது, இறக்குவது, வீட்டுக்கு வந்து சாப்பிடுவது. இதில் குழம்புவதற்கு என்ன இருக்கிறது?

புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இருந்தார்கள். வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்கே திரும்பிப் போகிறார்கள், கட்டில் பீரோவை ஏற்ற வண்டி வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அவர்களிடமும் என்னுடையதைப் போலவே ஒரு பிக்கப் இருந்தது. அதன் முதுகில் ஒரு பெட்டி. அதற்குள் படுத்து, சமைத்து, ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறார்கள். வண்டியை யாரோ வாங்கிக்கொண்டார்கள், பெட்டியை வாங்க ஆள் இல்லை. அந்த மனிதர் பெட்டியைத் தட்டிக் காட்டி என்னிடம் ஏதோ கேட்டார். இங்கிலீஷில் யார் எது கேட்டாலும் தலையாட்டுவது என் வழக்கம், ஆட்டினேன். அடுத்த நிமிஷம் அவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெட்டி எனக்கு என்று ஆகிவிட்டது எனக்குப் புரிந்தபோது அது என் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தது.

ஏற்றும்போது அவர் திரும்பத் திரும்ப 'லைட், லைட்' என்றார். நான் உள்ளே போய் லைட் எங்கே இருக்கிறது என்று தேடினேன். சுவிட்சு எல்லாம் போட்டுப் பார்த்தேன். வெகுநேரம் கழித்துத்தான் அவர் எடையைச் சொல்கிறார் என்று தெரிந்தது. எல்லாமே எடை குறைந்த சாமான். அலுமினியச் சட்டம், அப்பளம் மாதிரி பலகை, மேலே ஒரு மூடி. அந்த மூடிதான் கூரை. ஓடும்போது அது கீழே அமுங்கியிருக்கும். நிறுத்திய பிறகு உள்ளே நின்று தள்ளினால், கார் டிக்கிக் கதவைத் தாங்குமே கேஸ் கம்பி, அதே மாதிரி நாலு மூலையிலும் இருக்கும் கம்பிகள் கூரையை மேலே தூக்கிவிடும். சுற்றிலும் மடிந்து கிடக்கும் கான்வாஸ் துணி விரிந்து சுவராகும். டிரைவர் சீட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் படுக்கை. ஒரு அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, கொசுவலை வைத்த ஜன்னல். நான் கட்டிய வீட்டில் கொசுவலை கிடையாது என்பதை என் மனைவி அன்றே சொல்லிக்காட்டினாள்.

ஆனால் முதலில் அவள் கேட்டது வேறு. "இன்னாங்க இது, கோழிக் கூண்டா?" என்றாள்.

என் மகள் ஏறி உள்ளே போய்க் கூரையைத் தள்ளினாள். அது மேலே எழும்பியதும் தெருவே கைதட்டியது. அந்த நேரம் பார்த்து, லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் என் சிநேகிதர் சைக்கிளில் வந்தார். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். "கடசில நீயும் ஒரு சின்ன வூடு வெச்சிட்டியேப்பா!" என்றார்.

தெரு சிரித்த சிரிப்பில் என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. கட்டிய மனைவிக்குத் தெரிந்தோ தெரியாமலோ ஒருத்தன் இன்னொரு பெண்ணோடு குடித்தனம் நடத்தினால் அதற்குத்தான் நம் ஊரில் அந்தப் பேர். என் பெட்டியோ பார்ப்பதற்கும் நிஜமாகவே சின்ன வீடு. பேர் ஒட்டிக்கொண்டது. பஸ் ஸ்டாண்டில், ரைஸ் மில்லில், பெட்ரோல் பங்கில் எல்லாரும் "சின்ன வூடு எப்பிடி இருக்குது?" என்று விசாரித்தார்கள். முதலில் சண்டைக்குப் போனேன். பிறகு நானும் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு ஜோக்கைப் பல தடவை சொன்னால் அது தேய்ந்து வெறும் பேராகிவிடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆனது. "தொடப்பம் எங்க?" "சின்ன வூட்ல." "உன் நைனா எங்க?" "சின்ன வூட்ல தூங்குது." யாரும் சிரிப்பதுகூட இல்லை.

எதற்காக இதை வைத்துக்கொண்டேன் என்று கேட்காதவர் இல்லை. லோடு இருந்தால் நாலு பேர் கைபிடித்துப் பெட்டியை வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போவேன். லோடு இல்லாத நாட்களில் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம், மலைப் பக்கம் என்று போகலாம் என்று நினைத்தேன். என் மனைவிக்கு லாட்ஜ் படுக்கை என்றாலே குமட்டும். ஆனால் போவதற்கு முன்னால் ரிப்பேர் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தேன், அது முடியவே இல்லை. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று புட்டுக்கொள்ளும்.

கூடவே கொடுத்த புத்தகத்தை மகளிடம் காட்டி, இங்கிலீஷ்தானே, படித்துச் சொல் என்றேன். அவள் புரட்டிவிட்டு, "இது இங்கிலீஷே இல்ல நைனா. ஜெர்மனா இருக்கும்" என்றாள். படங்களை வைத்துக்கொண்டு சமாளித்தேன். ஒரு படத்தில் கூரையை ஒரு கையால் தூக்குகிறார்கள். இன்னொரு படத்தில் அதே கைக்கு மேல் சிவப்பாகக் குறுக்குக் கோடு. தூக்கு என்கிறானா, தூக்காதே என்கிறானா? மண்டை காய்ந்துபோனது.

ஊரில் இருக்கும் கைவேலைக்காரர்களை நம்பினேன். தச்சர் வந்து ஊறிப்போன தரைப் பலகையைப் பார்த்துவிட்டு, தடிமனான பிளைவுட்டாகப் போட்டுவிடலாம், மூணு தலைமுறைக்கு வரும் என்றார். வெல்டர் வந்து அலுமினியச் சட்டம் எல்லாம் எதற்கு, இரும்பு ஆங்கிள் அடிக்கிறேன், யானை ஏறினாலும் தாங்கும் என்றார். யானை எதற்காக அதில் ஏறப்போகிறது? இவர்கள் சொன்னதையெல்லாம் செய்தால் என் பிக்கப்பின் ஸ்பிரிங் பட்டை படுத்துவிடும். 'லைட், லைட்' என்று அந்த மனிதர் சொன்னது அப்போதுதான் எனக்கு வேத வாக்காகப் பட்டது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் ரைஸ் மில் எடை மேடையில் வண்டியை ஏற்றிப் பார்ப்பேன். எடை போடுகிறவர், "இன்னா, சின்ன வூடு சத பிடிச்சிருக்குதா?" என்று கேட்பார்.

கோட்டை பார்க்க வருகிறவர்கள் மலையை விட்டுவிட்டு என் வண்டியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனதும் உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

இந்த நேரத்தில்தான் மகளுக்கு ஒரு தரகர் வழியாக அவலூர்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. மகள் இங்கே ஒரு இ-சேவை மையத்தில் வேலை செய்கிறாள். நாளெல்லாம் ஜனங்களோடு பேசுகிறவள், ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவாள். அதற்கு முன்னால் வந்தவர்களை எல்லாம் ஏதாவது ஒரு நொட்டை சொல்லித் தட்டிக் கழித்தாள். ஒருத்தன் சிரிக்கவே இல்லை, ஒருத்தன் சிரித்துக்கொண்டே இருந்தான். இந்தப் பையன் ஒரு பால் கம்பெனியில் வேலை செய்கிறான். அப்பா அம்மாவோடு வந்து பார்த்துவிட்டுப் போனான். ஜாதகமும் பொருந்தியது. இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்ளட்டும் என்றோம். சில நாள் கழித்து அவள் அம்மா கேட்டதற்கு, "பரவால்ல" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தையை வாங்க நாங்கள் எவ்வளவு காத்திருந்தோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். என் மனைவி அன்று பாயசம் வைத்தாள். எதற்கு என்று சொல்லவில்லை.

பிறகு ஒன்றும் இல்லை. பேச்சு மூச்சே இல்லை.

பூ வைத்து உறுதி செய்ய நாள் பார்த்துச் சொல்கிறோம் என்றவர்கள் சொல்லவில்லை. நான் போன் செய்தால் பையனின் அப்பா, "வண்டில போய்க்கினு இருக்கறேன், அப்பறம் பேசறேன்" என்பார். எப்போது கூப்பிட்டாலும் வண்டியில்தான் போய்க்கொண்டிருந்தார். தரகர் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்தார். பையனும் மகளுக்கு மெசேஜ் அனுப்புவதை நிறுத்திவிட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கோபப்பட்டு, திட்டி, மறந்துவிடலாம். இவர்கள் அதையும் சொல்லவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

என் குணத்துக்கு நேரே போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். மனைவிதான் தடுத்தாள். பெண்ணைப் பெற்றவன் வாசலில் போய் நின்று கத்தினால் அடுத்த வரனும் வராது என்றாள். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து காரணம் தேடினோம். காப்பியில் சர்க்கரை குறைவா? பிக்கப் ஓட்டுகிறவன் மகள் என்று யோசிக்கிறார்களா? அது முதலிலேயே தெரியுமே. மகள் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தாள். அது கத்தினால் திருப்பிப் பார்ப்பாள், மறுபடி கவிழ்ப்பாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டேன் என்பாள். தட்டு தண்ணீர் படாமல் காய்ந்தே இருக்கும்.

கடைசியில் மனைவி ஒரு முடிவுக்கு வந்தாள். எல்லாம் கண் திருஷ்டி. போகிறவன் வருகிறவன் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு அந்தப் பெட்டியைப் பார்த்தால் வீட்டில் நல்லது எப்படி நடக்கும்? நான் லோடுக்குப் போயிருந்தபோது கறுப்புக் கயிறு வாங்கி, படிகாரமும் சங்கும் கோர்த்து, பெட்டியின் கூரை விளிம்புக்கு அடியில் ஒரு மூலையில் கட்டிவிட்டாள். எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன். அந்தச் சமயத்தில் நானே எதைக் கட்டலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் வந்தது. பெட்டிக்குள் ஒழுக ஆரம்பித்தது. மெத்தை ஒரு மூலையில் நனைந்திருக்கும், மேலே பார்த்தால் கூரை காய்ந்திருக்கும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கூரையில் இருக்கிற ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழற்றி சிலிகான் வைத்து இறுக்கினேன். ஒழுகியது. காற்றுப் போக்கியைச் சுற்றி ஒட்டினேன். ஒழுகியது. தார்ப்பாய்க்காரரைக் கூப்பிட்டு கான்வாஸ் தையலை எல்லாம் மெழுகு தேய்த்து அடைத்தேன். அவரே உள்ளே உட்கார, நான் மேலே குடம் குடமாக ஊற்றினேன். அவர் மேல் ஒரு சொட்டு விழவில்லை. அடுத்த மழையில் மெத்தை ஊறிக் கிடந்தது. குடத்துத் தண்ணீருக்கு வராத ஒழுக்கு மழைக்கு மட்டும் எப்படி வரும்? அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

ஒருநாள் மழை தூறிக்கொண்டிருக்கும்போதே ஏறிப் போய், கூரை மூடும் விளிம்பில் ஓடும் ரப்பர் பீடிங்கை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். டிரைவர் பக்கத்து மூலையில் கையில் ஏதோ தட்டியது. இழுத்துப் பார்த்தால் கறுப்புக் கயிறு. ஒரு முனை வெளியே, படிகாரம் கரைந்துபோய், வெறும் சங்கோடு. நடுப்பகுதி ரப்பருக்கு அடியில் நசுங்கி, மறுமுனை உள்ளே மெத்தைக்கு மேலே தொங்குகிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அது நாளெல்லாம் பெய்த மழையை இழுத்து உள்ளே சொட்டவிட்டிருக்கிறது. நாங்கள் கொஞ்ச நேரம் ஊற்றிய தண்ணீருக்கு அது ஊறக்கூட இல்லை.

கயிற்றை எடுத்துக்கொண்டு போய் மனைவி முன்னால் நீட்டினேன். "யாருடி கட்டினது இத?" என்று கத்தினேன்.

"கண்ணு படாம இருக்கக் கட்டினேன்."

"இதுதான் தண்ணிய உள்ள உடுது!"

"அப்ப அது கட்டின எடந்தான் தப்பு. கயிறு மேல தப்பு இல்ல" என்றாள் அசராமல். அதே கயிற்றை எடுத்துப்போய் முன்பக்க பம்பரில் கட்டினாள். ஒழுக்கு நின்றது. அவலூர்பேட்டையிலிருந்து மட்டும் ஒரு சேதியும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு சந்தை நாளில் தரகர் பஸ் ஸ்டாண்டில் என்னிடம் மாட்டிக்கொண்டார். பஸ் ஏறப்போனவரைத் தோளில் கை போட்டு டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். இன்று எனக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும் என்றேன். அவர் நெளிந்தார். டீயை ஊதினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எல்லாம் அந்த விசயந்தாண்ணே."

"எந்த விசயம்?"

"நீங்க வெச்சிருக்கறீங்களே, அது."

"இன்னா வெச்சிருக்கறேன்?"

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "சின்ன வூடு" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு பெட்டியை வண்டியில் வைத்ததற்காக என் பெண்ணை வேண்டாம் என்பார்களா? "ஆமா, வெச்சிருக்கறேன்" என்றேன் சத்தமாக. "ஒளிச்சா வெச்சிருக்கறேன்? ஊரறிய வெச்சிருக்கறேன். எம் பொண்டாட்டிக்குத் தெரியும், எம் பொண்ணுக்குத் தெரியும். அதுல அவங்களுக்கு இன்னா கஷ்டம்?"

தரகர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணே, மெதுவா."

"எதுக்கு மெதுவா? எம் பொண்டாட்டியே தெனம் போயி பெருக்கி வுடறா. நான் அங்க படுத்துக்கினு இருந்தா சோறு எடுத்தாந்து குடுக்கறா."

டீக்கடையில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். தரகர் முகத்தில் அருவருப்பும் பயமும் சேர்ந்து ஓடியது. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான், ஜோக்கு தேய்ந்துபோனது எங்கள் தெருவில் மட்டும்தான் என்பது எனக்கு உறைத்தது. அவர் சொன்ன சின்ன வீடும் நான் சொன்ன சின்ன வீடும் வேறு வேறு. பேந்தப் பேந்த விழித்தேன். பிறகு அவர் கையைப் பிடித்து, "வா, காட்டறேன்" என்று இழுத்தேன்.

"ஐயோ, நான் எதுக்குண்ணே அங்கெல்லாம்" என்று அவர் பிரேக் போட்டார். விடவில்லை. மார்க்கெட் பக்கம் நிறுத்தியிருந்த வண்டிக்குத் தள்ளிக்கொண்டு போய், பின்கதவைத் திறந்து உள்ளே ஏற்றி, கூரையைத் தள்ளித் தூக்கிக் காட்டினேன். அவர் அடுப்பைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், படுக்கைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். யாரும் இல்லை என்று உறுதியான பிறகு, "இதானா?" என்றார். மெத்தையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சேதி எப்படிப் போனது என்பது வீட்டில்தான் தெரிந்தது. நான் சொல்லச் சொல்ல மகளின் முகம் மாறிக்கொண்டே வந்தது. ஒருநாள் மதியம் போனில் அந்தப் பையன், அப்பா எங்கே என்று கேட்டிருக்கிறான். இவள், "அப்பா சின்ன வூட்ல படுத்திருக்காரு" என்றிருக்கிறாள். அம்மா? "அங்கதான் சாப்பாடு எடுத்துக்கினு போயிருக்காங்க." உடனே அவன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டானாம். அதோடு சரி. எங்களிடம் நைனா என்கிறவள், அவனிடம் நாகரிகமாக அப்பா என்று சொன்னாளே, இதையும் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம் இல்லையா? நான் அதைக் கேட்கவில்லை. அவள் முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. அழுகையும் ஓய்ந்து கடைசியில் கோபம் மட்டும் மிஞ்சியது. யார் மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

தரகர் போய்ச் சொன்னார். அவர்கள் உடனே கிளம்பி வருவதாகச் சொன்னார்கள். ஒத்துவந்தால் அன்றைக்கே பூ வைத்துவிடலாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். ஒத்துவந்தால் என்றால் என்ன அர்த்தம், இன்னும் எது ஒத்துவர வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. மகளிடம் கேட்டதற்கு, "வரட்டும், நானும் ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

அவர்கள் வரும் அன்று காலையில்தான் பின்பக்கத்து கேஸ் கம்பி ஒன்று உயிரை விட்டது. கூரை அந்த மூலையில் மட்டும் சரிந்து, தொப்பி சாய்த்து வைத்த மாதிரி நின்றது. வேறு கம்பி திண்டிவனத்திலிருந்து வர வேண்டும். ஒரு கட்டையை வெட்டி முட்டுக் கொடுத்தேன்.

பையனின் அப்பா வண்டியை விட்டு இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினார். "எங்க சம்மந்தி, உங்க சின்ன வூட்ட காட்டுங்க!" என்றார். தெருவுக்கே கேட்டது. ஏறிப் பார்த்தார், அடுப்பைத் திருகினார், எல்லாரையும் விட உரக்கச் சிரித்தார். பையன் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைப் பார்த்தபடி நின்றான். அவன் அம்மா வணக்கம் சொன்னதோடு சரி. பிறகு ஆண்கள் எல்லாம் வேப்ப மர நிழலுக்கு நகர்ந்தார்கள். என் மகள், "அத்தை, நீங்க உள்ள வந்து பாருங்க" என்று அந்த அம்மாளைக் கூப்பிட்டாள். என் மனைவியும் கூட ஏறினாள்.

மூன்று பேர் ஏறியதும் பெட்டி ஆடியது. நான் முட்டுக் கொடுத்திருந்த கட்டை வழுக்கிக் கீழே விழுந்தது. ஓடிப் போய்ப் பின்படியில் ஏறிக் கூரையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தேன். விட்டால் அவர்கள் தலையில் இறங்கிவிடும். கான்வாஸ் துணி என் காதை உரசிக்கொண்டிருந்தது. உள்ளே பேசுவது எல்லாம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டது.

"அத்தை, ஒண்ணு கேப்பேன், தப்பா நெனைக்கக் கூடாது" என்றாள் மகள். "நெசமாவே எங்க நைனாவுக்கு அப்பிடி ஒரு வூடு இருந்துச்சுன்னே வெச்சுக்குங்க. அதுல எங்கம்மா பண்ண தப்பு இன்னா? நான் பண்ண தப்பு இன்னா? எங்களுக்குத்தான கஷ்டம்? ஒரு போன் பண்ணி, இன்னாம்மா இது, நெசமான்னு கேட்டிருக்கலாம்ல?"

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இதுவரை எனக்குத் தோன்றவே தோன்றாத கேள்வி அது. என் மனைவி "ஏய்" என்றாள் மெதுவாக. மர நிழலில் பையனின் அப்பா, கூட வந்திருந்த தரகரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கேக்கறதா?" என்றது அந்த அம்மாளின் குரல். "நான் இருவது வருசம் கேட்டேம்மா. ஒரு நாளும் நெசம் வரல."

அந்த அம்மாளே மேலே பேசினார்.

"உங்கம்மா அங்க சோறு எடுத்துக்கினு போறாங்கன்னு நீ சொன்னியாமே. என் புள்ள வந்து அத சொன்னான். அதக் கேட்டதும் என்னால தாங்க முடில. நானும் எடுத்துக்கினு போயிருக்கறேன். எம் மாமியாரு கட்டிக் குடுத்தனுப்புவாங்க, ஆம்பள பசியா இருக்கக் கூடாதுன்னு. இவனையும் கையில புடிச்சிக்கினு போவேன். அந்த வாசல்ல நின்னு கேரியர நீட்டுவேன். உன்ன வேணாம்னு சொல்லலம்மா. உங்கம்மா மொகத்தப் பாத்து என்னால பேச முடியாதுன்னு நெனச்சேன். அவ்ளோதான்."

கூரையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லி நாங்கள் எவ்வளவு சிரித்திருக்கிறோம். நான் தலையைத் திருப்பி மர நிழலைப் பார்த்தேன். அந்த மனிதர் டீ டம்ளரை வைத்துக்கொண்டு ஜாலியாக நின்றார். அவர் மகன் அவரிடமிருந்து நன்றாகத் தள்ளி, எங்கள் வண்டியைப் பார்த்தபடி நின்றான். அவனுக்கு அம்மா என்ன பேசுகிறாள் என்று தெரியும் போலிருந்தது. எனக்கு அந்த ஆள் மேல் கோபம் கோபமாக வந்தது. அதே ஆளைத்தான் சம்மந்தி என்று கூப்பிடப் போகிறேனா, வேண்டாமா, எனக்குப் புரியவில்லை.

உள்ளே என் மனைவி எழுந்து இடம் மாறி உட்காரும் சத்தம் கேட்டது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"அத்தை" என்றாள் மகள். "பூ எடுத்தாந்திருக்கீங்களா?"

"பையில இருக்குதும்மா."

"அப்ப நீங்களே வெச்சு வுடுங்க. இங்கயே."

அவள் சரி என்று சொன்னது அந்தப் பையனுக்காகவா, அவன் அம்மாவுக்காகவா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, கல்யாணம் முடிந்த இன்றும் தெரியவில்லை.

மர நிழலிலிருந்து பையனின் அப்பா என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இன்னா சம்மந்தி, எவ்ளோ நேரம் அதத் தூக்கிப் புடிச்சிக்கினே நிப்பீங்க? எறக்கி வுட்டுட்டு வாங்க!"

"உள்ள பொம்பளைங்க இருக்காங்க" என்றேன்.